மதங்கள் பேசுவதா? மனிதர்கள் பேசுவதா?
பூம்பாறைக் கொடிமரமும் சர்வ சமய சம்பாஷணையும்

நமது நாட்டில் இப்போது "சர்வ சமய சம்பாஷணை", "மத நல்லிணக்க மாநாடு" என்னும் பேர்களால் ஒரு புதுவிதத் திருவிழா அடிக்கடி நடந்து வருகின்றது. மேடையில் நான்கு நாற்காலிகள் போடப்படும். ஒன்றில் ஒரு மடாதிபதி, ஒன்றில் ஒரு பாதிரியார், ஒன்றில் ஒரு மௌல்வி, நான்காவதில் இம்மூவரையும் புகழ்வதற்கென்றே அழைக்கப்பட்ட ஒரு மந்திரியோ கனவானோ உட்கார்ந்திருப்பார். எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கின்றன என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்வார்கள். போட்டோ எடுத்தாகும். பிறகு அவரவர் மோட்டாரில் ஏறி அவரவர் மடத்திற்கும் மாதாகோயிலுக்கும் மசூதிக்கும் போய், மறுநாள் காலையில் "நமது மார்க்கமே மெய்யான மார்க்கம்" என்று பழைய பாடத்தையே ஒப்பிப்பார்கள்.

ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதைவிடச் சால்வை போர்த்திக்கொள்வது எவ்வளவோ மேல் என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் இதனால் ஒரு மனிதன் மற்றொரு மனிதனை அறிந்துகொள்ளுகின்றானா, இந்த ஊர் எனக்கும் உரியது என்கின்ற எண்ணம் ஒரு ஏழைக்காவது உண்டாகின்றதா என்பதுதான் நம்முடைய கேள்வி. உண்டாகவில்லை என்பதும், உண்டாகாது என்பதும் நமது அபிப்பிராயம். ஏனெனில் அம்மேடையில் பேசுகிறவர்கள் மனிதர்களாகப் பேசுவதில்லை. மதங்களின் வக்கீல்களாகப் பேசுகின்றார்கள். இரண்டு வக்கீல்கள் கோர்ட்டு வாசலில் சிரித்துப் பேசிக்கொள்வதால் கட்சிக்காரர்களின் வழக்குத் தீர்ந்துபோகுமா?

சிக்காகோ கற்பித்த பாடம்

இந்தச் சர்வமத சபைகளுக்கெல்லாம் தாய்ச்சபை என்று சொல்லப்படுவது 1893-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் கூடிய சபையாகும். விவேகானந்தர் பேசிய சபை என்று நம்மவர்கள் இன்றைக்கும் பெருமை பேசுகின்றார்கள். பேசட்டும். ஆனால் அதே சிக்காகோவில் அதே வருஷத்தில் நடந்த மற்றொரு சங்கதியை யாரும் சொல்லுவதில்லை. அச்சபை கூடியதற்குக் காரணமான உலகக் கண்காட்சியில் அமெரிக்க நீக்ரோ மக்களுக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்று, ஐடா பி. வெல்ஸ் என்னும் நீக்ரோ அம்மையார், பிரடெரிக் டக்ளஸ் முதலியவர்களோடு சேர்ந்து ஒரு துண்டுப்புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் வழங்கினார். சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்னும் 1882-ம் வருஷத்துச் சட்டமும் அப்போது அமுலில் இருந்தது. ஆகவே கன்பூஷியஸ் மதத்தைப் பற்றிப் பேசச் சீன ராஜாங்கத்துப் பிரதிநிதிக்கு மேடையில் வரவேற்பு. கூலிவேலைக்கு வந்த சீனனுக்குத் துறைமுகத்திலேயே தடை! சர்வமத சமரசத்தின் யோக்கியதை பிறந்த அன்றே இவ்வளவுதான்.

தூரதேசத்துக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆதலால் நம் நாட்டிலே, நம் மலைமேலேயே நடந்ததைப் பார்ப்போம்.

பூம்பாறையில் உள்ளது என்ன?

கொடைக்கானலுக்கு அப்பால் சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில், படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஊர் பூம்பாறை. கொடைக்கானல் நகரமோ 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்குத் தப்பி வீடு கட்டியதால் உண்டானது. பூம்பாறையின் பூண்டு நாடறிந்த சரக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டு என்ற பேரில் 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முயற்சி எடுத்தது, ஒரு கத்தோலிக்கக் கன்னிகாஸ்திரீயின் பேரைத் தாங்கி நிற்கும் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். அந்தப் பூண்டு கீழே வடுகபட்டிச் சந்தைக்குப் போகின்றது. அங்கே அதை எடை போடுகிறவனும், மூட்டை தூக்குகிறவனும், வாங்கிப் போகிற வியாபாரியும் எந்த மதத்தார் என்று பயிரிட்டவன் கேட்பதில்லை. கேட்டால் பூண்டு விற்காது. மலையில் விளைகின்ற உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவில் பிறந்து வெள்ளைக்காரர்களால் இந்நாட்டுக்கு வந்தது. பூம்பாறை மண் அதனிடம் மதம் கேட்கவில்லை.

இவ்வூரிலே குழந்தை வேலப்பர் கோயில் என்று ஒன்று இருக்கின்றது. பழனிக் கோயிலைச் சேர்ந்த உபகோயில்களில் அதுவும் ஒன்று. அதன் தேர்த்திருவிழாவில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்களில் தேருக்கு முன்னால்தான் வடம். இங்கே மலைச்சரிவில் தேர் உருண்டோடிவிடாதபடி பின்னாலும் வடம் கட்டி இழுத்துப் பிடிக்கின்றார்கள். தோழர்களே! இது பக்தியால் வந்த அறிவா? பாரமுள்ள வண்டி சரிவிலே உருளும், வேலப்பர் உள்ளே இருந்தாலும் உருளும் என்கின்ற அனுபவத்தால் வந்த அறிவல்லவா? பின்வடம் பிடிப்பவன் தனக்கு முன்னே இருப்பவன் உயிரைக் காப்பாற்றுகின்றான். அவன் கைப்பலம்தான் அங்கே கணக்கு.

இப்படிப்பட்ட மலையிலே வேற்று மதத்தார் விஷயமாக ஏற்பட்ட ஏற்பாட்டைக் கேளுங்கள். 2024-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலிருந்து பழனிக் கோயிலைப் பற்றி ஒரு தீர்ப்பு வந்தது. கோயில் உல்லாசப் பயணத்துக்குரிய இடமல்ல என்றும், இந்துக்கள் அல்லாதார் கொடிமரத்திற்கு அப்பால் போகக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்கவேண்டும் என்றும், அப்படியும் ஒருவர் சுவாமியைத் தரிசிக்க விரும்பினால் "எனக்கு இந்தச் சுவாமியிடத்தில் நம்பிக்கை உண்டு, இந்துமத வழக்கங்களையும் கோயில் வழக்கங்களையும் அனுசரிப்பேன்" என்று உறுதிமொழி எழுதி வாங்கி அதற்கென்று ஒரு பதிவேட்டில் பதியவேண்டும் என்றும் அதில் உத்தரவாயிற்று. பழனிக்கு மட்டுமல்ல, அதன் உபகோயில்களுக்கும் இந்த உத்தரவு என்றால் பூம்பாறையும் அதில் அடங்கியதே.

பதிவேட்டின் யோக்கியதை

நாம் நீதிபதியைக் குறை சொல்ல வரவில்லை. சட்டத்தில் இருந்ததை அவர் எடுத்துச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். 1947-ம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டம் ஆதிதிராவிடத் தோழர்களுக்குக் கதவைத் திறந்தபோதே "இந்துக்களில் எல்லா வகுப்பாருக்கும்" என்று எழுதித்தான் திறந்தது. அதாவது ஒற்றைக் கதவைத் திறந்து மற்றொரு கதவைச் சாத்தியே வைத்தது. ஆதலால் சாத்திய கதவைப் பற்றியே பேசுவோம்.

முதலாவது, இந்த உறுதிமொழி யாரிடம் கேட்கப்படுகின்றது? இந்துப் பேர் வைத்துக்கொண்ட ஒருவன், சுவாமி என்பது கல் என்று நம்மைப்போல் நினைப்பவனாகவே இருந்தாலும், கைவீசிக்கொண்டு உள்ளே போகலாம். மலை பார்க்க வந்து, நெற்றியில் கீற்று இழுத்துக்கொண்டு, மண்டபத்தில் உட்கார்ந்து புளியோதரை தின்றுவிட்டுப் போகிறவனிடம் யாரும் நம்பிக்கையைப் பற்றி விசாரிப்பதில்லை. அப்துல் காதரோ அந்தோணியோ வந்தால்தான் நம்பிக்கைக்கு ரசீது வேண்டியிருக்கின்றது. ஆகவே அங்கே சோதிக்கப்படுவது நம்பிக்கை அல்ல. பேரும் உடையுமே சோதிக்கப்படுகின்றன. தொப்பி போடாமல் வந்த முஸ்லிம் யார் கண்ணிலும் படமாட்டான். பர்தா போட்ட அம்மாள் மாத்திரம் நிறுத்தப்படுவாள். இதற்குப் பேர் பக்தியா, போலீசு வேலையா?

இரண்டாவது, கோயில்காரர்களுடைய கதைகளின்படியே பார்த்தாலும் இது நிற்குமா? பூம்பாறைச் சிலையை நவபாஷாணத்தால் செய்தவர் போகர் என்கின்றார்கள். அந்தப் போகர் சீனதேசம் போய் வந்தவர் என்றும் அவர்களே சொல்லுகின்றார்கள். இன்றைக்கு அவர் சீனத்துச் சட்டையோடு கொடிமரத்தண்டை வந்து நின்றால் தாம் செய்த சிலையைப் பார்க்கத் தாமே கையெழுத்துப் போடவேண்டும் போலிருக்கின்றது! மேலும், அருணகிரிநாதர் அக்கோயிலில் ஒருநாள் இரவு தூங்கினாராம். ஒரு ராட்சசி அவரைக் கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தை ரூபத்தில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டானாம். யாரோ தாயும் பிள்ளையும் என்று எண்ணி அவள் திரும்பிப் போய்விட்டாளாம். அதனால்தான் குழந்தை வேலப்பர் என்று பேராம். கொல்ல வந்த ராட்சசியும் கோயிலுக்குள் தாராளமாகப் போய் வந்திருக்கின்றாள். குழந்தை என்று கண்டதும் இரக்கப்பட்டும் இருக்கின்றாள். அவளுக்கு இல்லாத தடை பக்கத்து வீட்டுப் பாத்திமாவுக்கு ஏன்? கதையை நாம் நம்பவில்லை. நம்புகின்றவர்களைத்தான் கேட்கின்றோம்.

மூன்றாவது, கொடைக்கானலில் உள்ள குறிஞ்சியாண்டவர் கோயில் 1936-ல் கட்டப்பட்டது. கட்டியவர் யார்? இலங்கைச் சர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களை மணந்து லீலாவதி என்று பேர் ஏற்ற வெள்ளைக்கார அம்மையார். அக்கோயிலும் பிறகு பழனித் தேவஸ்தானத்தின் வசமாயிற்று. வெள்ளைக்கார வீட்டில் பிறந்த பெண் கோயில் கட்டிக் கொடுத்தால் கை நீட்டி வாங்கிக்கொள்வது. வெள்ளைக்காரி ஒருத்தி பார்க்க வந்தால் கையெழுத்துக் கேட்பது. அவர் மதம் மாறிவிட்டாரே என்பார்கள். வாசலில் நிற்கும் காவற்காரனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் பார்க்கப்போவது முகத்தின் நிறத்தைத்தானே?

நான்காவது, பழனிப் பஞ்சாமிர்தம். அதில் மலைவாழைப்பழத்தோடு பேரீச்சம்பழமும் சேருகின்றது. பேரீச்சை அரபு நாட்டிலும் பாரசீகத்திலும் பேர்போன பழம். அது கப்பலேறி வந்து, வெல்லத்தோடும் தேனோடும் கலந்து, கொடிமரத்தைத் தாண்டி, சுவாமியின் தலைமேலேயே ஊற்றப்படுகின்றது. பழத்துக்கு உள்ள பிரவேசம் பழத்தைப் பயிரிட்டவனுக்கு இல்லை! கேரளத்தில் ஜேசுதாஸ் என்னும் பிரசித்திபெற்ற பாடகரின் கதியும் இதுவே. குருவாயூரப்பன் பேரில் அவர் பாடிய பாட்டுக்களை நாடெல்லாம் கேட்டது. கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர் என்பதால் பல்லாண்டு அக்கோயிலுக்குள் அவரை விடவில்லை. குரலுக்குத் தீட்டில்லை, உடலுக்குத் தீட்டு என்பது எந்த சாஸ்திரமோ தெரியவில்லை.

சில ஆட்சேபனைகள்

"நாஸ்திகர்களாகிய உங்களுக்குக் கோயில் வாசலைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்பார்கள். 1924-ல் வைக்கத்தில் ஈ.வெ.ரா. போய்ச் சிறைப்பட்டது சுவாமி தரிசனத்துக்காக அல்ல. கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்கக்கூடாது என்றதற்காகவே. நமக்குச் சுவாமியிடம் வேலை இல்லை. பொதுச் சொத்தைக் கொண்டும் அரசாங்க இலாகாவின் நிர்வாகத்தைக் கொண்டும் நடக்கின்ற ஓரிடத்தில், ஒரே ஊரில் பிறந்த இருவரில் ஒருவனைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்பதும் மற்றவனைக் கேட்காமல் விடுவதும் மனித அவமானம் என்பதுதான் நமது கவலை.

"மெக்காவில் முஸ்லிம் அல்லாதார் போகமுடியுமா?" என்று கேட்பார்கள். முடியாது. அதுவும் அக்கிரமந்தான். ஒருவன் வீட்டுக் குப்பையைக் காட்டி நம் வீட்டுக் குப்பைக்கு நியாயம் கற்பிக்கலாமா? அப்படித்தான் ஒப்பிடவேண்டும் என்றால் பக்கத்திலேயே நாகூர் இருக்கின்றதே! அங்கே 131 அடி உயர மனோராவைக் கட்டிவைத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாபசிங். இன்றைக்கும் இந்துக்கள் கூட்டங்கூட்டமாகப் போகின்றார்கள். அங்கும் மூடநம்பிக்கை மலிந்திருக்கின்றது, உண்டியலும் இருக்கின்றது, அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் வாசலில் மதம் கேட்காத வழக்கத்தைப் பாராட்டத்தானே வேண்டும்?

மற்ற மதத்தாரின் யோக்கியதை

இவ்வளவும் சொன்னதால் மற்ற மதத்தார் நம்மைத் தட்டிக்கொடுக்க வரவேண்டாம். கொடைக்கானலை உண்டாக்கிய அதே அமெரிக்க மதுரை மிஷன் 1847-ல் ஒரு காரியம் செய்தது. மிஷனில் வேலைபார்க்கும் தமிழ்க் கிறிஸ்தவ உபதேசிமார்கள் ஜாதியை விட்டவர்கள்தானா என்று அறிய, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்றது. சமபந்தி என்றவுடனே ஏசுவின் அன்பைப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்த பலபேர் உத்தியோகம் போனாலும் சரி, கூட உட்கார்ந்து உண்ணமாட்டோம் என்று வெளியே போனார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் ஜாதி அழுக்கைத் தொடக்கூட இல்லை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்களின் மாதாகோயிலை ஜாதிக்கு ஒரு பாகமாக இரண்டு கால்கள்போல் கட்டி நடுவே சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது, சுவர் எங்கள் உரிமை என்று கோர்ட்டுக்குப் போனவர்களும் கிறிஸ்தவர்களே. முஸ்லிம் தோழர்கள் சகோதரத்துவம் பேசுகின்றார்கள், நல்லது. அப்படியானால் தங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு இடம் எங்கே என்பதை அவர்களே சொல்லட்டும்.

ஒரே மதத்தாருக்குள்ளாவது ஒற்றுமை உண்டா? 2022-ம் வருஷம் டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் ஆதிதிராவிடர் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த கொடுமையை நாடறியும். குடிக்கும் தண்ணீருக்கே இந்தக் கதி நேருகின்ற நாட்டில் மடாதிபதியும் மௌல்வியும் கைகுலுக்கிக்கொள்வதால் ஆகப்போவது என்ன?

மெய்யான பேச்சு எது?

பேச்சு என்றால் இருவரும் ஒரே மட்டத்தில் உட்காரவேண்டும்; கேட்கப் பிடிக்காததையும் கேட்கவேண்டும்; எதிரி சொல்வது சரி என்று பட்டால் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளத் தயாராயிருக்கவேண்டும். இம்மூன்றும் இல்லாதது உபசார வார்த்தையே ஒழியப் பேச்சாகாது.

1936-ல் லாகூரில் ஜாதி ஒழிப்புச் சங்கத்தார் டாக்டர் அம்பேத்கரைத் தங்கள் மாநாட்டுக்குத் தலைமை வகிக்க அழைத்தார்கள். அவர் எழுதிய தலைமையுரையை முன்கூட்டிப் பார்த்ததும், மதத்தின் ஆணிவேரிலேயே கை வைக்கின்றாரே என்று பயந்து மாநாட்டையே நிறுத்திவிட்டார்கள். ஜாதியை ஒழிக்க வந்தவர்களுக்கே ஜாதியின் காரணத்தைப் பேசப் பயம்! அவர் தம் சொந்தச் செலவில் அதை அச்சிட்டார். தமிழில் 'குடி அரசு' அதை வெளியிட்டது. நிறுத்தப்பட்ட அந்தப் பிரசங்கம் இன்றைக்கும் படிக்கப்படுகின்றது.

1981-ல் திருநெல்வேலி ஜில்லா மீனாட்சிபுரத்தில் ஆதிதிராவிடத் தோழர்கள் கூட்டமாக இஸ்லாத்தில் சேர்ந்தபோது, அரபுப் பணம் வந்தது என்று நாடெங்கும் கூச்சல் போட்டார்கள். அவர்களோடு அதற்கு முன் ஒருநாளாவது சமமாக உட்கார்ந்து பேசியவர்கள் எத்தனை பேர்? போன பிறகு "ஏன் போனீர்கள்?" என்று கேட்க மடாதிபதிகள் ஓடினார்கள். இருந்தபோது "எப்படி இருக்கின்றீர்கள்?" என்று கேட்க ஆளில்லை.

நமது இயக்கம் 1925 முதல் பேச்சை வளர்த்த இடங்கள் எவை? டீக்கடைப் பெஞ்சு, முடிதிருத்தும் கடை, படிப்பகம். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் கேட்டு, குறுக்கே கேள்வி கேட்டு, சண்டை போட்டு, மறுநாளும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். அங்கே மதத்துக்குப் பிரதிநிதி கிடையாது. இந்து முஸ்லிமோடு பேசவில்லை. தச்சன் தையற்காரனோடு பேசினான், கடன்பட்டவன் கடன்பட்டவனோடு பேசினான். சொந்தம் அங்கேதான் உண்டாயிற்று.

அரசாங்கத்தார் யோக்கியதையும் பார்க்கவேண்டும். நல்லிணக்க நாள் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்லுகின்றார்கள். ஆனால் ஒரு முஸ்லிம் வாலிபனும் ஒரு இந்துப் பெண்ணும் மனமொத்து மணம் செய்துகொள்ளப் போனால், 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து, அதை ரிஜிஸ்தர் ஆபீசில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைக்கவேண்டும். ஊரில் உள்ள ஜாதி வெறியனுக்கும் மத வெறியனுக்கும் அரசாங்கமே அனுப்பும் அழைப்பிதழ் அது! 1967-ல் நாம் போராடிப் பெற்ற சுயமரியாதைத் திருமணச் சட்டமும் இரண்டு இந்துக்களுக்குள் நடக்கும் மணத்துக்குத்தான் செல்லும். கொடிமரத்துப் பதிவேடும் ரிஜிஸ்தர் ஆபீசு நோட்டீசும் வெவ்வேறல்ல. இரண்டும் "பேசுமுன், பழகுமுன், உன் மதத்தைச் சொல்" என்பவைகளே.

செய்யவேண்டியது

ஆகவே நாம் சொல்லுவது இது. ஒன்று, பலகையும் பதிவேடும் ஒழிய 1947-ம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, பொதுப்பணத்தில் நடக்கும் இடங்களில் மதம் கேட்கும் வழக்கத்தை அரசாங்கம் எடுத்துவிடவேண்டும். இரண்டு, முப்பது நாள் நோட்டீசு ஒழியவேண்டும். சுயமரியாதை மணம் எந்த இருவருக்கும் செல்லவேண்டும். மூன்று, திருவிழாவிலும் கந்தூரியிலும் கிறிஸ்துமசிலும் சோறு போடுகிறவர்கள் யார் சமைத்தாலும் யாரும் யாரோடும் உட்கார்ந்து உண்ணவேண்டும். அப்படிச் செய்யாத ஊரில் நல்லிணக்க மேடைக்கு ஒரு காசும் கொடுக்கலாகாது. நான்கு, நமது படிப்பகங்களில் மாதம் ஒருநாள் எல்லா மதத்தாரும் மதமற்றவர்களும் கூடிப் பேசவேண்டும். அங்கே குருமாருக்குத் தனி நாற்காலி கூடாது. பிரசங்கம் பத்து நிமிஷம், கேள்வி ஒருமணி நேரம் என்பது விதியாயிருக்கவேண்டும். கேள்வி கேட்கும் உரிமை முதலில் பெண்களுக்கும் கூலிக்காரர்களுக்கும்.

பூம்பாறைத் தோழர்களே! உங்கள் பூண்டு எல்லா வீட்டு அடுப்பிலும் சமமாய்த்தான் மணக்கின்றது. அந்த வீட்டார் உங்கள் ஊருக்கு வந்தால் "என்ன மதம்?" என்று கேட்கும் வேலையை உங்கள் பேரால் யாரோ செய்ய நீங்கள் இடங்கொடுக்கலாமா? மதங்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தால் உலகம் உள்ளளவும் காத்திருக்கவேண்டியதுதான். மனிதர்கள் இன்றைக்கே பேசத் தொடங்கலாம்.